டென்ட்டுக்குள் சொட்டிய தண்ணீரும் ஈரிழைத் துண்டுக் கணக்கும்

விடியற்காலை நாலரை மணி இருக்கும். "அப்பா, மழை பெய்யுது. மூஞ்சியில சொட்டுது" என்று மகன் எழுப்பினான். டார்ச் அடித்துப் பார்த்தேன். தலைக்கு மேலே துணி முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். ஜிப்பைத் திறந்து தலையை நீட்டினால் வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை, நட்சத்திரம் கொட்டிக் கிடக்கிறது. அவனுடைய ஸ்லீப்பிங் பேக் கால்மாட்டில் பிழிந்தால் தண்ணீர் வரும் அளவுக்கு நனைந்திருந்தது. பதினோரு வயதுப் பையன், குளிரில் பல் தந்தியடித்தது. என் ஸ்வெட்டரையும் அவனுக்குப் போட்டுவிட்டு, விடியும்வரை இரண்டு பேரும் உட்கார்ந்தே இருந்தோம்.

இது நடந்தது போன மார்கழியில், ஏற்காட்டில். உறவினர் ஒருவர் மேற்பார்வை பார்க்கும் காப்பித் தோட்டத்தில் ஓரிரவு தங்கலாம் என்று கடலூரிலிருந்து விருத்தாசலம், சின்னசேலம், சேலம் வழியாகப் போய், 20 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறிப் போயிருந்தோம். வெப்பமானி 12 டிகிரி காட்டியது. ஊட்டிக்காரர்களுக்கு இது ஒரு குளிரே இல்லை. மார்கழியிலும் 20 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்காத கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து போன எங்களுக்கு அது நல்ல குளிர். அதனால்தான் இருந்த ஜிப்புகளை எல்லாம் இழுத்துச் சாத்திவிட்டுப் படுத்தோம்.

டென்ட் சாதாரண இரண்டு பேர் டென்ட். தரை 2.1 மீட்டர் நீளம், 1.4 மீட்டர் அகலம், நடு உயரம் 1.1 மீட்டர். உள்ளே பாதி கொசுவலையும் பாதி மெல்லிய துணியுமாக ஒரு கூடு. அதன் மேலே மழைக்கென்று பாலியூரிதேன் பூசிய பாலியெஸ்டர் மேல்துணி. உச்சியில் ஒரு பக்கம் மட்டும் உள்ளங்கை அளவுக்கு ஒரு காற்றுத் துளை.

வீட்டுக்கு வந்ததும் டென்ட் ஒழுகுகிறது என்றுதான் முடிவு கட்டினேன். தையல் ஓரம் எல்லாவற்றிலும் டேப் ஒட்டினேன். அந்தக் காற்றுத் துளை வழியாகத்தான் பனி இறங்கியிருக்கும் என்று நினைத்து அதையும் டேப் போட்டு மூடினேன். மொட்டை மாடியில் விரித்து, ஆணி அடிக்க வழியில்லாததால் நான்கு மூலைக்கும் செங்கல் கட்டி நிறுத்தி, அன்றிரவே மகனோடு படுத்துப் பார்த்தேன். காலையில் ஏற்காட்டில் நனைந்ததைவிட மோசமாக நனைந்திருந்தது.

அப்புறம்தான் முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். டென்ட்டுக்குள் தினசரித் தாள்களைப் பரப்பி வைத்துவிட்டு, தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ஹோஸைப் பிடித்து மேலிருந்து கால் மணி நேரம் தண்ணீர் அடித்தேன். உள்ளே தாளில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. டென்ட் ஒழுகவே இல்லை. உள்ளே நனைத்த தண்ணீர் உள்ளேயே உண்டான தண்ணீர்.

நாம் தூங்கும்போது மூச்சிலும் தோலிலும் நீராவி போய்க்கொண்டே இருக்கிறது. வியர்வையைச் சேர்க்காமலே ஒரு நாளைக்கு ஏறத்தாழ 800 மில்லி என்று மருத்துவப் பாடங்களில் வரும். எட்டு மணி நேரத்துக்கு ஆளுக்குக் கால் லிட்டருக்கு மேல். இதைக் காற்று தாங்குமா என்று பாருங்கள். 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். 10 டிகிரியில் 9 கிராம் சொச்சம்தான். என் டென்ட்டின் கொள்ளளவு 2 கன மீட்டருக்கும் குறைவு. ஏற்காட்டுக் குளிரில் அதற்குள் இருக்கும் காற்று, வற வற என்று காய்ந்திருந்தாலும் 20 கிராமுக்கு மேல் தாங்காது. இரண்டு பேர் மூடிக்கொண்டு படுத்தால் இருபது நிமிடத்தில் அது நிரம்பிவிடும். மிச்சம் ஏழரை மணி நேரத்து நீராவி எங்கே போகும்? இருப்பதிலேயே குளிர்ந்த இடத்தில் போய் ஒட்டும். அது மேல்துணி.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு தூக்கம் வரவில்லை. கணக்கு சரியா என்று அளந்து பார்க்க வேண்டும் போல் இருந்தது. அளப்பதற்கு என் மனைவி ஒரு எளிய வழி சொன்னாள். நல்ல காய்ந்த ஈரிழைத் துண்டைச் சமையலறைத் தராசில் நிறுத்துக்கொள்வது. காலையில் எழுந்ததும் மேல்துணியின் உட்பக்கத்தையும் உள்கூட்டையும் அதனால் ஒற்றி எடுத்து மறுபடி நிறுப்பது. கூடிய எடைதான் தண்ணீர். ஒரு துண்டு போதாமல் மூன்று துண்டுகள் வைத்துக்கொண்டேன்.

எல்லாவற்றையும் மூடிக்கொண்டு இரண்டு பேர் படுத்த இரவில் 340 கிராம். மறுநாள் ஆளே இல்லாமல் வெறும் டென்ட்டை மூடி மாடியில் விட்டேன். காலையில் துண்டு 70 கிராம் கூடியிருந்தது.

இந்த 70 கிராம்தான் என்னை யோசிக்க வைத்தது. மூச்சு விட ஆள் இல்லாத டென்ட்டில் தண்ணீர் எப்படி வந்தது?

அம்மாவிடம் சொன்னேன். "பனி பெய்யுது, நனையுது. இதுல என்ன இருக்கு? பந்தலுக்குக் கீழ காயப்போட்டா நனையாது, கொடியில போட்டா நனையும்" என்றார். சின்ன வயதிலிருந்து கேட்ட பேச்சுதான். ஆனால் அப்போது வேறு மாதிரி காதில் விழுந்தது. பனி மழை மாதிரி மேலிருந்து விழுவது இல்லை என்று படித்திருக்கிறேன். காற்றில் இருக்கும் நீராவி குளிர்ந்த பொருளின் மேல் படிவதுதான் பனித்துளி. அப்படியானால் பந்தலுக்குக் கீழே மட்டும் ஏன் படியவில்லை? காற்று அதே காற்றுதானே?

விடை வானத்தில் இருக்கிறது. எல்லாப் பொருளும் இரவில் தன் சூட்டை வானத்தை நோக்கி விட்டுக்கொண்டே இருக்கிறது. மேகமில்லாத வானம் அதை முழுவதும் திருப்பித் தராது. கனமான சுவர் பகல் சூட்டை வைத்துக்கொண்டு சமாளிக்கும். டென்ட் துணி போன்ற மெல்லிய பொருளிடம் சேமிப்பு எதுவும் இல்லை. அது சுற்றியிருக்கும் காற்றைவிடவே குளிர்ந்துபோகிறது. வயர் முனை உள்ள ஒரு சின்ன வெப்பமானியை மேல்துணியில் ஒட்டிப் பார்த்தேன். அதிகாலை மூன்று மணிக்குக் காற்று 21.5 டிகிரி, துணி 18.5. கடலோரக் காற்றில் அந்த நேரத்தில் 20 டிகிரிக்கு இறங்கினாலே நீர் படியத் தொடங்கிவிடும். துணி அதையும் தாண்டி இறங்கியிருந்தது. மேலே பந்தலோ மரமோ இருந்தால் அது வானத்தை மறைத்துத் தன் சூட்டைத் துணிக்குத் தருகிறது. தெருவில் வேப்பமரத்தடியில் நிறுத்திய காரின் கண்ணாடி காய்ந்திருப்பதும், பக்கத்தில் வெட்டவெளியில் நிற்கும் காரின் கண்ணாடி நனைந்திருப்பதும் இதனால்தான்.

அடுத்த இரவு வெறும் டென்ட்டை மாடியில் துணி காயப்போடும் தகரக் கொட்டகைக்குக் கீழே நகர்த்தி வைத்தேன். காலையில் துண்டு கூடியது 4 கிராம். அம்மாவைக் கூப்பிட்டுத் தராசைக் காட்டினேன்.

ஆக, டென்ட்டுக்குள் இரண்டு வகைத் தண்ணீர். ஒன்று நம் மூச்சு. அதை வெளியேற்றக் காற்றோட்டம் வேண்டும். மற்றது வெளிக்காற்றிலேயே இருப்பது. துணி அளவுக்கு மீறிக் குளிர்வதால் படிவது. வெளிக்காற்றே ஈரமாக இருக்கும்போது எத்தனை ஜன்னல் திறந்தாலும் இது தீராது, துணியைக் குளிரவிடாமல் பார்த்துக்கொள்வது ஒன்றே வழி. நான் இந்த இரண்டையும் பிரிக்காமல் குழப்பிக்கொண்டிருந்தேன். டென்ட்டைத் திறந்து வைத்தும் நனைகிறது என்று சொல்பவர்கள் பலரும் இங்கேதான் சிக்குகிறார்கள் என்று நினைக்கிறேன்.

மூன்றாவதாக ஒன்று தரையிலிருந்து வருகிறது. அது பண்ருட்டியில் மாமாவின் முந்திரித் தோப்பில்தான் தெரிந்தது. மாடியில் சிமெண்டுத் தரை என்பதால் தெரியவில்லை. மழைக்காலம் முடிந்த செம்மண்ணில் ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்து நான்கு பக்கமும் மண்ணைப் போட்டுவிட்டேன். காலையில் தாளின் அடிப்பக்கம் குளித்த மாதிரி இருந்தது. டென்ட் வாசலில், மேல்துணிக்கு அடியில் வெறும் மண்ணாக விடும் இடத்திலிருந்து இப்படித்தான் ஆவி கிளம்பி மேல்துணியில் படிகிறது. அங்கே ஒரு தார்ப்பாய்த் துண்டை விரித்தால் போதும். ஆனால் அது மேல்துணியின் ஓரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நான் ஒருமுறை நீட்டி விட்டுவிட்டேன். மேல்துணியில் வழிந்த பனித்தண்ணீர் முழுவதும் அந்தத் தார்ப்பாயில் இறங்கி, டென்ட் தரைக்கு அடியில் குளமாக நின்றது.

இதற்கிடையில் அம்மா ஒரு கிலோ கல் உப்பை ஒரு தாம்பாளத்தில் கொட்டி, டென்ட்டுக்குள் வைக்கச் சொன்னார். மழைக்காலத்தில் உப்பு ஜாடி நீர்த்துப்போவதைப் பார்த்தவர்களுக்கு இந்த யோசனை வருவது இயல்பு. உப்பு உண்மையாகவே ஈரத்தை இழுக்கும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது தானாகவே கரையத் தொடங்கும். வைத்துப் பார்த்தேன். காலையில் உப்பு 22 கிராம் கூடியிருந்தது, துணியிலோ முன்போலவே ஈரம். சிலிக்கா ஜெல் பைகளும் அப்படித்தான். அவை தம் எடையில் மூன்றில் ஒரு பங்கு போலத் தண்ணீரை உறிஞ்சும். ராத்திரிக்கு 300 கிராம் தண்ணீர் என்றால் ஒரு கிலோ ஜெல் சுமக்க வேண்டும். அந்தக் காசுக்கு வேறு வேலை செய்யலாம்.

வேறு வேலை என்பது தையல். முதலில் காற்றுத் துளையில் நானே ஒட்டிய டேப்பை உரித்தேன். அதற்கு எதிர்ப்புறம் உச்சியில் இன்னொரு துளை வேண்டும். பைக் சீட் கவர் தைக்கும் ஒருவரிடம் மேல்துணியைக் கொண்டுபோனேன். "நல்ல துணிய எதுக்கு சார் கிழிக்கிறீங்க?" என்று கத்தரிக்கோலை எடுக்கவே மாட்டேன் என்றார். அரை மணி நேரம் விளக்கினேன். கேட்டுவிட்டு அவர் சொன்ன திருத்தம்தான் இந்த வேலையைக் காப்பாற்றியது. நான் சதுரமாக வெட்டலாம் என்றிருந்தேன். "சதுரம் போட்டா மூலையில பிய்யும். முக்கோணமா வெட்டலாம், சுத்தி ஒரு பட்டி குடுத்துடலாம், இழுவைய பட்டி தாங்கும்" என்றார். அடிப்பக்கம் 25 சென்டிமீட்டர், உயரம் 18 சென்டிமீட்டர் முக்கோணம். உள்ளே கொசுவலை. வெளியே மழை உள்ளே அடிக்காமல் ஒரு முகப்பு. முகப்புக்கு வீட்டில் கிடந்த பழைய குடையின் துணியைக் கொடுத்தேன். அது தூக்கி நிற்க அதே குடையின் கம்பியை 20 சென்டிமீட்டருக்கு நறுக்கி, முனைகளை மழுங்கடித்து, சின்ன உறை தைத்து அதில் செருகினோம். பருத்தி நூல் ஈரத்தில் இற்றுப்போகும் என்று அவரே பாலியெஸ்டர் நூல் போட்டார். தையல் ஓட்டைகளுக்கு உள்பக்கமாகப் பாலியூரிதேன் பசை தடவினேன். பாலியூரிதேன் பூசிய துணியில் சிலிக்கான் பசை சரியாகப் பிடிக்காது, உரிந்து வரும். பழைய துளையையும் இதே அளவுக்குப் பெரிதாக்கினோம்.

மேலே மட்டும் துளை இருந்தால் காற்று ஓடாது. சூடான ஈரக்காற்று மேலே போய் வெளியேற, கீழே குளிர்ந்த காற்று நுழைய வழி வேண்டும். என் மேல்துணி தரையைத் தொட்டுக்கொண்டு நின்றது. மூலைக் கயிறுகளை நீட்டிக் கட்டி, கீழ் ஓரம் தரையிலிருந்து ஒரு ஜாண் உயரம் நிற்கும்படி செய்தேன். காற்று வரும் பக்கம் கொஞ்சம் தாழ்வாக, மறுபக்கம் உயரமாக.

அடுத்த தொந்தரவு, மேல்துணியின் நடுப்பகுதி தொய்ந்து உள்கூட்டைத் தொடுவது. தொட்ட இடத்தில் தண்ணீர் நேராக உள்ளே ஊறும். மகனின் கால்மாடு நனைந்ததும் இப்படித்தான். நடுவில் இழுத்துக்கட்ட வளையம் எதுவும் கிடையாது. இன்னொரு தையலுக்குப் போகாமல், துணிக்கு உள்பக்கத்தில் ஒரு கோலிக்குண்டை வைத்து, வெளியிலிருந்து அதைத் துணியோடு சேர்த்துப் பிடித்து, கழுத்தில் கயிற்றைச் சுருக்குப் போட்டு இழுத்துக் கட்டினேன். துணியில் ஓட்டை இல்லை, கிழியவும் கிழியாது. கயிறு கடலூர் முதுநகரில் மீன்வலைச் சாமான் விற்கும் கடையில் வாங்கிய மெல்லிய நைலான் கயிறு. பக்கத்துக்கு இரண்டு கோலி. மேல்துணிக்கும் கூட்டுக்கும் நடுவே எல்லா இடத்திலும் இப்போது நான்கு விரல்கடை நுழைகிறது.

இவ்வளவும் முடிந்த பிறகு தகரக் கொட்டகைக்கு அடியில் இரண்டு பேர் படுத்தோம். அதே இடத்தில் பழைய டென்ட்டை மூடிப் படுத்தபோது 240 கிராம் வந்திருந்தது. இப்போது 45.

கடைசியாகச் சேர்த்தது அப்பாவின் பழைய நாலு முழ வேட்டி. கடுங்குளிர்ப் பிரதேசத்து டென்ட்டுகளில் உள்ளே மெல்லிய துணியால் ஒரு விதானம் கட்டுவார்கள் என்று படித்திருந்தேன். நீராவி அதில் தங்கும், மேலிருந்து சொட்டுவதையும் அது வாங்கிக்கொள்ளும். ஊட்டிப் பக்கம் ஜனவரியில் போல உறைபனி விழும் இடங்களில் மேல்துணியின் உள்பக்கத்து ஈரமே உறைந்து, அசைந்தால் பொடிப்பொடியாக உதிரும் என்பதால் அங்கே இன்னும் அவசியம். கூட்டின் உச்சி வளையங்களில் வேட்டியின் நான்கு முனைகளையும் நாடா வைத்துக் கட்டினேன், காற்றுத் துளைகளை மறைக்காமல். துவைத்துத் துவைத்து மெலிந்த பருத்தி ஆனதால் தண்ணீரை நன்றாகக் குடிக்கிறது. அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது. அந்த வேட்டியை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தது அம்மாதான்.

தை கடைசியில் மறுபடி அதே காப்பித் தோட்டம். போன முறை ஓடைக்கரைப் பள்ளத்தில் சமதளமாக இருக்கிறதே என்று டென்ட் போட்டிருந்தோம். குளிர்ந்த காற்று கனமானது, இரவில் வழிந்து பள்ளத்தில்தான் தேங்கும். ஓடையின் ஈரம் வேறு. இந்த முறை ஐம்பது அடி மேலே ஏறி, சில்வர் ஓக் மரங்களுக்கு அடியில் இடம் பார்த்தோம். காய்ந்த கிளை எதுவும் தலைக்கு மேல் தொங்கவில்லை என்று பகலிலேயே பார்த்துக்கொண்டேன். மரத்தடி எப்போதும் சரி என்று சொல்ல மாட்டேன். மூடுபனி இறங்கும் இரவில் இலைகள் அதை வடித்துச் சொட்டிக்கொண்டே இருக்கும். அன்று வானம் தெளிவாக இருந்ததால் மரத்தடி.

தேநீர் வெளியேதான் வைத்தோம். கேஸ் அடுப்பு எரியும்போது ஒரு கிராம் பியூட்டேனுக்கு ஒன்றரை கிராம் தண்ணீர் ஆவியாகக் கிளம்பும். அது இருக்கட்டும், அதைவிடப் பெரிய காரணம் கார்பன் மோனாக்சைடு. குளிருக்காகக் கரி அடுப்பையோ கேஸ் அடுப்பையோ டென்ட்டுக்குள் யாரும் எந்தக் காரணத்துக்காகவும் வைக்காதீர்கள். மணமே இல்லாமல் தூக்கத்திலேயே கொன்றுவிடும். ஈரத் துண்டு, நனைந்த காலுறை எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் கட்டி வெளியே வைத்தோம்.

காற்றுத் துளையைத் திறந்தால் குளிருமே என்றுதான் எல்லோரும் மூடுகிறார்கள். உண்மைதான், குளிரும். மூடிய டென்ட்டைவிட ஒன்றரை டிகிரி குறைவாக இருந்தது. ஆனால் ஈரமான படுக்கையின் குளிருக்கு முன்னால் அந்த ஒன்றரை டிகிரி ஒன்றுமே இல்லை. குளிர் தரையிலிருந்தும் ஏறுகிறது. கீழே ஃபோம் மேட், அதன் மேல் கோரைப்பாய், அதன் மேல் ஸ்லீப்பிங் பேக். தலைக்கு மங்கி குல்லா. மகன் முகத்தையும் பேக்குக்குள் இழுத்து மூடிக்கொள்வான். அப்படிச் செய்தால் மூச்சின் ஈரம் முழுக்க பேக்கின் பஞ்சிலேயே ஏறும். மூக்கு வெளியே இருக்கட்டும் என்று சொல்லி, குல்லாவைப் புருவம் வரை இழுத்துவிட்டேன்.

காலை ஐந்து மணிக்கு 11 டிகிரி. டார்ச் அடித்துப் பார்த்தேன். வேட்டி லேசாகச் சில்லென்று இருந்தது, சொட்டு எதுவும் இல்லை. மகன் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். விடிந்ததும் தராசை எடுத்தோம். மேல்துணியிலிருந்து துண்டில் ஏறியது 95 கிராம், வேட்டியில் 60. ஸ்லீப்பிங் பேக்குகளின் மேல்பக்கம் காய்ந்தே இருந்தது, கால்மாட்டில் மட்டும் உள்ளங்கை அகலம் ஈரம். அங்கே கூடு சாய்வாக இறங்குவதால் படுத்திருப்பவர் கால் துணியில் முட்டுகிறது.

கிளம்பும் அவசரத்தில் ஈரத்தோடு சுருட்டத்தான் வேண்டியிருந்தது. ஆனால் வீட்டுக்கு வந்த அன்றே பிரித்துவிட்டேன். நம் கடலோர ஈரக்காற்றில் ஈரத் துணியை ஒரு வாரம் பையில் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும், நாளடைவில் பாலியூரிதேன் பூச்சு பிசுபிசுத்து உரியும், நாற்றமும் போகாது. நேர் வெயிலும் துணிக்கு ஆகாது. தகரக் கொட்டகைக் கொடியில் ஒரு பக்கம் மேல்துணி, ஒரு பக்கம் கூடு, நடுவில் வேட்டி என்று போட்டு இரண்டு நாள் விட்டேன். கால்மாட்டில் கூட்டை வெளிப்பக்கம் இழுத்துப் பிடிக்க ஒரு நாடா தைக்கக் கொடுத்திருக்கிறேன். சீட் கவர்காரர் இந்த முறை கேள்வி கேட்கவில்லை, எத்தனை கிராம் வந்தது என்று மட்டும் கேட்டார்.